ஊரே மைதானம்

(பெங்களூர் அல்சூரில் தமிழ் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



டிரையத்லான் என்ற பெயரை இங்கே பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் ஒலிம்பிக் தூரம் என்றால் எவ்வளவு என்பதை நம் பேட்டைக் கணக்கிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் ஒன்றரை கிலோமீட்டர் நீச்சல். 50 மீட்டர் நீளமுள்ள குளத்தில் கரைக்குக் கரை முப்பது முறை. அடுத்து 40 கிலோமீட்டர் சைக்கிள். இங்கிருந்து பழைய மெட்ராஸ் ரோட்டைப் பிடித்து, கே.ஆர். புரம் தாண்டி, ஹொஸ்கோட்டைக்குச் சற்று முன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தால் ஏறக்குறைய சரியாக இருக்கும். கடைசியாக 10 கிலோமீட்டர் ஓட்டம். கப்பன் பார்க் வரை ஓடி, அங்கே ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பினால் கிட்டத்தட்ட அவ்வளவு வரும். மூன்றையும் அடுத்தடுத்து, இடைவெளி இல்லாமல் செய்ய வேண்டும். நீச்சலுக்கு விசில் ஊதிய நொடியில் ஓட ஆரம்பிக்கும் கடிகாரம் கடைசிக் கோட்டைத் தாண்டும்வரை நிற்காது. ஈரம் துடைப்பதற்கும் ஷூ மாட்டுவதற்கும் ஆகும் நேரம்கூடக் கணக்கில் சேரும்.

உலகத்தின் முதல்தர வீரர்கள் இதை ஒன்றே முக்கால் மணி நேரத்தில் முடிக்கிறார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் பிரிவில் தங்கம் வென்ற பிரிட்டனின் அலெக்ஸ் யீ எடுத்துக்கொண்டது 1 மணி 43 நிமிடம் 33 விநாடி. வேலைக்குப் போய்க்கொண்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, கிடைத்த நேரத்தில் பயிற்சி செய்கிறவர்களுக்கு மூன்று மணி நேரமும் ஆகலாம், மூன்றரை மணி நேரமும் ஆகலாம். நான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன். பகல் முழுக்க அலுவலக நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன், நாற்பது வயதுக்கு மேல் இதில் இறங்கியவன், அல்சூரிலேயே பிறந்து வளர்ந்தவன். வெற்றி பெற்றவர்கள் பேச வேண்டிய மேடையில் என்னைப் போன்ற ஒருவனைப் பேச அழைத்தது ஏன் என்று நண்பர்களைக் கேட்டேன். "ஜெயிக்கிறவங்க நாலு பேரு. மிச்சம் இருக்கிறவங்க எல்லாம் உங்களை மாதிரிதானே சார்? அந்தக் கதையைச் சொல்லுங்க" என்றார்கள். அது நியாயமாகவே பட்டது.

கிரிக்கெட்டுக்கு ஒரு மைதானம் போதும். பாட்மிண்டனுக்கு ஒரு கூடம் போதும். இதற்கு ஊரே மைதானம். நீந்தத் தண்ணீர் வேண்டும், சைக்கிளுக்குச் சாலை வேண்டும், ஓட நிழலும் நடைபாதையும் வேண்டும். இந்த மூன்றும் எல்லோருக்கும் பொதுவானவை. யாரும் காசு கொடுத்துத் தனக்கென்று ஓர் ஏரியையோ ஒரு நெடுஞ்சாலையையோ வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. இந்த விளையாட்டுக்கு வந்த பிறகு நான் என் ஊரைப் பார்க்கும் கண்ணே மாறிவிட்டது. இன்றைக்கு நான் பேச வந்தது முக்கியமாக அதைப் பற்றித்தான்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1974 செப்டம்பரில் அமெரிக்காவின் சான் டியேகோவில் ஓட்டக்காரர்கள் சங்கம் ஒன்று நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் சேர்த்து ஒரு போட்டி வைத்தது. 46 பேர் கலந்துகொண்டார்கள். 1978 பிப்ரவரியில் ஹவாயில் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் அவர் மனைவி ஜூடியும் சேர்ந்து அயர்ன்மேனைத் தொடங்கினார்கள். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதன்மேல் ஒரு முழு மாரத்தான். 15 பேர் இறங்கி 12 பேர் முடித்தார்கள். இப்படி ஆளுக்கொரு தூரமாக இருந்ததை 1980களின் நடுவில் ஜிம் கர்ல் என்ற போட்டி அமைப்பாளர் 1.5, 40, 10 என்று ஓர் அளவுக்குள் கொண்டுவந்தார். 1989இல் பிரான்ஸின் அவிஞ்ஞோன் நகரில் சர்வதேச டிரையத்லான் சம்மேளனம் அமைந்தது. முதல் உலகப் போட்டியும் அங்கேயே நடந்தது. 2000ஆம் ஆண்டு சிட்னியில் இது ஒலிம்பிக்குக்குள் வந்தது. முதல் தங்கம் சுவிட்சர்லாந்தின் பிரிஜிட் மக்மஹோன் என்ற பெண்ணுக்கு.

நம் நாட்டில் டிரையத்லான் என்றதும் எல்லோர் வாயிலும் அயர்ன்மேன்தான் வருகிறது. 2019 அக்டோபரில் கோவாவில் அதன் பாதித் தூரப் போட்டி முதன்முதலாக நடந்தது. ராணுவ வீரர் பிஷ்வர்ஜித் சைகோம் முதலாவதாக வந்தார். அதற்குப் பிறகு பெங்களூரில் சைக்கிள் கடைகளில் கூட்டம் கூடியது கண்கூடு. மகிழ்ச்சியான விஷயம். ஆனால் ஒலிம்பிக் தூரத்தை அயர்ன்மேனுக்குப் போய்ச் சேருவதற்கான ஒரு படி என்று மட்டும் நினைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அயர்ன்மேன் பயிற்சி ஒரு மனிதனின் ஞாயிற்றுக்கிழமைகளை முழுதாக விழுங்கிவிடும். ஒலிம்பிக் தூரம் குடும்பத்தோடு ஒத்துப்போகும். வாரத்தில் ஏழெட்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும். காலையில் போட்டியை முடித்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். வீட்டில் இருப்பவர்களின் நேரத்தைப் பிடுங்காத விளையாட்டைத்தான் ஒருவர் முப்பது வருடம் ஆட முடியும்.

பெரிய தூரம் போனவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. இதே பெங்களூரில் தொழில் நடத்திக்கொண்டே பயிற்சி செய்த அனு வைத்யநாதன் 2009இல் கனடாவில் நடந்த அல்ட்ராமேன் போட்டியை முடித்தார். மூன்று நாளில் 10 கிலோமீட்டர் நீச்சல், 420 கிலோமீட்டர் சைக்கிள், 84 கிலோமீட்டர் ஓட்டம். நம் சாலைகளில் சைக்கிள் ஓட்டும் ஒரு பெண்ணைப் பற்றி யார் யார் என்னென்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அத்தனையையும் தாண்டி அவர் தனியாகப் பயிற்சி செய்த காலத்தில் இங்கே இன்றைக்குப் போல இத்தனை குழுக்கள் கிடையாது, இத்தனை பயிற்சியாளர்கள் கிடையாது. இன்று விடியற்காலையில் பத்துப் பெண்கள் சேர்ந்து தலைக்கவசத்தோடு கிளம்புகிறார்கள் என்றால், அப்படித் தனியாகப் போனவர்களுக்கு அதில் பங்கு உண்டு.

இனி தண்ணீருக்கு வருவோம். பெரியவர்களானபின் டிரையத்லானுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பயப்படுவது நீச்சலுக்குத்தான். சைக்கிளும் ஓட்டமும் எப்படியோ வந்துவிடும். நீச்சல் வராது.

என் அப்பா வடாற்காட்டுக் கிணற்றில் நீச்சல் பழகியவர். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி, இடுப்புக் கயிற்றைப் படியில் நிற்கும் மாமா பிடித்துக்கொள்ள, தண்ணீரில் தள்ளிவிடுவார்களாம். கொஞ்ச நாளில் குடுக்கை போய்விடும், பிறகு கயிறும் போய்விடும். கிணற்று நீச்சலில் தலை எப்போதும் தண்ணீருக்கு மேலேதான் இருக்கும். நகரத்துக் குளத்தில் சேர்ந்தால் பயிற்சியாளர் முதல் நாளே திருத்துவது அதைத்தான். முகத்தைத் தண்ணீருக்குள் வை, அடியில் தெரியும் கறுப்புக் கோட்டைப் பார், மூச்சுக்கு மட்டும் பக்கவாட்டில் திரும்பு. தலை மேலே போனால் இடுப்பு கீழே போகும், இடுப்பு தாழ்ந்தால் தண்ணீர் பிடித்து இழுக்கும். அவர் சொல்வது முழுக்கச் சரி. அந்தப் பாடத்தைப் படிக்காமல் ஒன்றரை கிலோமீட்டர் களைப்பில்லாமல் போக முடியாது.

ஆனால் ஏரியில் கறுப்புக் கோடு கிடையாது. கலங்கிய பச்சைத் தண்ணீரில் நம் கை நமக்கே தெரியாது. தூரத்தில் ஆரஞ்சு நிற மிதவை ஒன்று கட்டியிருப்பார்கள். அதைக் குறிவைத்துப் போய், சுற்றித் திரும்ப வேண்டும். தலையைத் தூக்கிப் பார்க்காமல் போனால் நேராகப் போவதாக நினைத்துக்கொண்டே ஒரு பக்கமாக விலகிப் போய்விடுவோம். அதனால் எட்டுக் கைவீச்சுக்கு ஒருமுறை, முதலையைப் போலக் கண்ணை மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே கொண்டுவந்து, மிதவையைப் பார்த்துவிட்டு, அதே அசைவில் பக்கவாட்டில் மூச்செடுத்து முகத்தை உள்ளே இறக்க வேண்டும். குளத்தில் மட்டும் பழகியவர்களுக்கு இது வர மாதக்கணக்கில் ஆகும். கிணற்றிலும் ஆற்றிலும் பழகியவர்களுக்கு வெகு சீக்கிரம் வந்துவிடுகிறது. தலையைத் தூக்கி நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு நீந்துவது அவர்களுக்குப் பழக்கம். நம் ஊர்ப் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருந்த ஒரு திறமை இது என்பதை நான் பெருமையோடு சொல்கிறேன்.

பெருமைப்படக் காரணமும் உண்டு. யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் அதே நீரிணையை ஒரு கரையிலிருந்து மறுகரைக்கும், திரும்பப் புறப்பட்ட கரைக்கும் 51 மணி நேரத்தில் நீந்தினார். 1984இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிர் துறந்தார். 1994இல் நம் குற்றாலீசுவரன் பன்னிரண்டு வயதில் பாக்கு நீரிணையில் தொடங்கி, அந்த ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளையும் கால்வாய்களையும் கடந்தான். இப்படிப்பட்டவர்கள் பிறந்த மொழியில், நகரத்தில் வளரும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இன்று நீந்தத் தெரியும்? இந்த அவையில் இருப்பவர்கள் வீட்டுக்குப் போய்த் தங்கள் பேரப்பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்.

போட்டி தொடங்கும் இடத்தைக் கொஞ்சம் சொல்கிறேன். ஊருக்கு வெளியே ஓர் ஏரி. விடியற்காலை. நூறு பேருக்கு மேல் ஒரே நிறத் தொப்பியில் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறோம். காலுக்கடியில் வழுவழுப்பான சேறு. கரையில் நிற்கும் கிராமத்துப் பையன்கள் எங்களைப் பார்த்துக் கை தட்டுகிறார்கள். விசில் ஊதியதும் அத்தனை பேரும் ஒரே திசையில் பாய்கிறோம். முன்னால் போகிறவரின் குதிகால் கண்ணாடியில் இடிக்கும். பின்னால் வருகிறவரின் கை நம் கணுக்காலில் விழும். மூச்சுக்குத் திரும்பினால் காற்றுக்குப் பதிலாக ஒரு வாய்த் தண்ணீர் கிடைக்கும். மார்பு இறுகும். குளத்தில் இரண்டு கிலோமீட்டர் நிற்காமல் நீந்தக்கூடிய ஆளுக்குக்கூட இங்கே நூறு மீட்டருக்குள் மூச்சு வாங்கும். உடம்பின் இயல்பு அது. குளிர்ந்த தண்ணீர், திடீர் வேகம், நெரிசல் மூன்றும் சேரும்போது இதயம் தாறுமாறாக அடிக்கக்கூடும். டிரையத்லானில் நேர்கிற உயிரிழப்புகளில் பெரும்பகுதி நீச்சலில்தான் நேர்கிறது என்பதை இங்கே இருக்கும் இளைஞர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நாற்பது தாண்டியவர்கள் போட்டிக்குப் பெயர் கொடுப்பதற்கு முன்னால் இதய மருத்துவரைப் பார்த்துவிட்டு வாருங்கள். இதில் நான் யாரிடமும் விட்டுக்கொடுப்பதில்லை.

எனக்கு அந்த இடத்தில் உதவியது என் பயிற்சியாளர் சொல்லியிருந்த ஒரு வார்த்தை. "மூச்சு முட்டுதா, மல்லாந்துருங்க அண்ணா. வானத்தைப் பாருங்க. ஏரி எங்கயும் போயிடாது." மல்லாந்தேன். மேகம் தெரிந்தது. பத்து மூச்சு எடுப்பதற்குள் நெரிசல் என்னைத் தாண்டிப் போய்விட்டது. பக்கத்தில் கயாக் படகில் இருந்த தம்பி துடுப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். விதிப்படி அந்தக் கயாக்கைப் பிடித்துக்கொண்டு ஓய்வெடுக்கலாம், அதனால் முன்னோக்கி நகரக்கூடாது, அவ்வளவுதான். வேண்டாம் என்று கை காட்டிவிட்டுத் திரும்பிக் குப்புறப் படுத்தேன். அதற்குப் பிறகு அந்த ஏரியில் நான் இருந்த நேரம் முழுக்க ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதிக்காகவே மறுபடி மறுபடி போகிறேன்.

கரையேறியதும் ஓடிப்போய் சைக்கிளை எடுக்கும் இடத்தில் எல்லோரும் தடுமாறுவார்கள். அரை மணி நேரம் கிடந்து நீந்திய உடம்பு நிமிர்ந்ததும் தலை சுற்றும். தலைக்கவசத்தின் வாரை மாட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொட வேண்டும், கோட்டைத் தாண்டிய பிறகுதான் ஏற வேண்டும். சின்ன விதிகள். அவற்றைப் படபடப்பில் மறப்பவர்கள் உண்டு. அதனால் வீட்டு மொட்டை மாடியில் ஒரு துண்டை விரித்து, தலைக்கவசம், கண்ணாடி, ஷூ, எண் கட்டிய பெல்ட் என்று வரிசையாக வைத்துப் பழகுவோம். பார்க்கிறவர்களுக்கு விசித்திரமாக இருக்கும். பழகியவருக்கு இரண்டு நிமிடம் மிச்சமாகும். அந்த இரண்டு நிமிடத்தை ஓட்டத்தில் சம்பாதிக்க ஒரு வருடம் பயிற்சி வேண்டும்.

சைக்கிளைப் பற்றி ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஒலிம்பிக்கில் வீரர்கள் கூட்டமாக ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுப்பதால் பின்னால் வருகிறவருக்கு உழைப்பு பெருமளவு குறையும். எங்களைப் போன்றவர்களின் போட்டிகளில் பொதுவாக அதற்கு அனுமதி இல்லை. இடைவெளி விட்டுத்தான் போக வேண்டும், ஒட்டினால் அபராதம். அதனால் 40 கிலோமீட்டரும் நம் காற்றை நாமே கிழித்துக்கொண்டு தனியாகப் போக வேண்டும். பேச்சுத்துணை கிடையாது. கால் சுற்றும் ஓசையும் மூச்சின் ஓசையும் மட்டும்.

இதற்கான பயிற்சியை நான் பழைய மெட்ராஸ் ரோட்டில்தான் செய்கிறேன். காலை நாலரை மணிக்கு அந்தச் சாலை வேறு ஊர். மெட்ரோ தூண்களின் கீழே பூக்கடைகளுக்கு மூட்டை இறங்கிக்கொண்டிருக்கும். கோலார் பக்கத்திலிருந்து தக்காளி லாரிகள் எதிரே வரும். ஐந்தரைக்குள் ஊர் எல்லையைத் தாண்டிவிட வேண்டும், ஏழு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். அதற்குமேல் அந்தச் சாலை சைக்கிளுக்கு இடம் தராது. மலை ஏறப் பழகுகிறவர்கள் நந்தி மலைக்குப் போகிறார்கள். விலை உயர்ந்த சைக்கிள் இல்லையே என்று தயங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பிரேக் சரியாகப் பிடிக்கிற, உங்கள் உயரத்துக்குப் பொருந்துகிற எந்தக் கியர் சைக்கிளிலும் முதல் போட்டியை முடிக்கலாம். கடையில் செலவழிக்கிற பணத்தை முதலில் நீச்சல் வகுப்புக்குச் செலவழியுங்கள்.

சைக்கிளை விட்டு இறங்கி ஓட ஆரம்பிக்கும் முதல் கிலோமீட்டர்தான் இந்த விளையாட்டின் கஷ்டமான இடம். ஒன்றரை மணி நேரம் வட்டமாகச் சுற்றிய கால்களுக்குத் திடீரென்று தரையில் ஊன்றி எம்பச் சொன்னால் அவை மறுக்கின்றன. முழங்காலுக்கு மேலே யாருடைய தொடையோ ஒட்டவைத்தது மாதிரி ஓர் உணர்வு. பழக்கத்தால் மட்டுமே இது குறையும். அதனால்தான் வாரத்தில் ஒரு நாளாவது சைக்கிளை நிறுத்திய கையோடு பதினைந்து நிமிடம் ஓடிவிட்டு வருவோம். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருப்பதால் காலை வெயிலைத் தாங்கலாம். சென்னையில் ஓடுகிற நண்பர்களின் நிலை வேறு. அங்கே காற்றில் ஈரம் அதிகம், வியர்வை உலராது, உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. அவர்கள் உப்பும் தண்ணீரும் கணக்குப் பார்த்துக் குடித்துக்கொண்டே ஓட வேண்டும்.

முதல்தர வீரர்களுக்கும் இந்தக் கணக்கு தவறுவது உண்டு. 2016இல் மெக்ஸிகோவின் கொசுமெல் தீவில் நடந்த போட்டியில், வெக்கையில், கடைசிச் சில நூறு மீட்டரில் முன்னணியில் இருந்த ஜானி பிரௌன்லீயின் கால்கள் பின்னின. பின்னால் வந்த அவர் அண்ணன் அலிஸ்டர் வெற்றி வாய்ப்பை விட்டுவிட்டுத் தம்பியின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, இழுத்துக்கொண்டு ஓடி, கோட்டருகே தம்பியை முன்னால் தள்ளிவிட்டார். தென்னாப்பிரிக்காவின் ஹென்றி ஷூமன் முதலாவதாக வந்தார். ஒலிம்பிக் தங்கம் இரண்டு முறை வென்ற அலிஸ்டரை அந்த நாளுக்காகத்தான் நான் அதிகம் மதிக்கிறேன்.

எங்கள் ஓட்டப்பாதையில் தண்ணீர் மேசைக்குப் பின்னால் நின்றிருந்த அம்மா ஒருவர் ஆரஞ்சுச் சுளையில் உப்பைத் தொட்டு ஒவ்வொருவர் கையிலும் வைத்தார். "மெல்ல போப்பா, இன்னும் கொஞ்சந்தான்" என்று எல்லோருக்கும் ஒரே வார்த்தை. எட்டாவது கிலோமீட்டரில் அந்த உப்பு நாக்கில் பட்டதை இன்னும் மறக்கவில்லை. எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கடைசிவரை என்னால் அவரைப் பிடிக்க முடியவில்லை. ஜப்பானின் ஹிரோமு இனாடா 85 வயதில், 2018இல், ஹவாய் அயர்ன்மேனையே முடித்தார் என்று படித்தபோது வந்த வியப்பைவிட, கண்ணெதிரே அந்தப் பெரியவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓடியது எனக்குப் பெரிதாகப் பட்டது.

இப்போது நம் ஏரிக்கு வருகிறேன். ஏரிக்கரையில் இருக்கிற ஒரு பேட்டையில் பிறந்த நான் ஏரியில் நீந்துவதற்காக ஊரைவிட்டு வெளியே போகிறேன். அல்சூர் ஏரி சுமார் 120 ஏக்கர். பெங்களூரை ஆண்ட கெம்பே கௌடர் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது, பிறகு பிரிட்டிஷ் கமிஷனர் பௌரிங் காலத்தில் இன்றைய வடிவம் பெற்றது. ஒரு பக்கம் ராணுவத்தின் மெட்ராஸ் சாப்பர்ஸ் முகாம், ஒரு பக்கம் படகுத்துறை, கரையோரம் 2009இல் திறந்த வள்ளுவர் சிலை. 2016 மார்ச்சில் இதே ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. பலர் கண்ணால் பார்த்திருப்பீர்கள், நாற்றம் நினைவிருக்கும். சாக்கடை நீர் ராஜகாலுவே என்ற மழைநீர்க் கால்வாய் வழியாக ஏரிக்குள் வந்தால் பாசி பெருகும். பாசி பகலில் ஆக்ஸிஜனை வெளிவிட்டாலும் இரவில் அதையே உறிஞ்சும். அழுகும் கழிவும் சேர்ந்து உறிஞ்சும். விடிவதற்குமுன் தண்ணீரில் ஆக்ஸிஜன் அடிமட்டத்துக்கு இறங்கும். மீன் மூச்சுத் திணறிச் சாகும். மீன் சாகிற தண்ணீரில் மனிதன் எப்படி இறங்குவான்?

இந்த ஊர் தன் ஏரிகளை என்ன செய்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். மெஜஸ்டிக் பஸ் நிலையம் இருப்பது தர்மாம்புதி ஏரியின் மீது. நம் தடகள வீரர்கள் ஓடும் கண்டீரவா ஸ்டேடியம் இருப்பது சம்பங்கி ஏரியின் மீது. நீந்தியிருக்க வேண்டிய இடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறோம்.

பாரிஸுக்கும் இதே நிலைமைதான் இருந்தது. சேன் நதியில் குளிப்பதற்கு 1923 முதல் தடை. ஒலிம்பிக் டிரையத்லானை அந்த நதியில் நடத்துவது என்று முடிவெடுத்த பிறகு, அதைச் சுத்தம் செய்யும் திட்டத்துக்குச் சுமார் 140 கோடி யூரோ செலவானது. வீடுகளின் கழிவுக் குழாய்களை நதியிலிருந்து திருப்பினார்கள். ஆஸ்டர்லிட்ஸ் ரயில் நிலையத்தின் அருகே கனமழை நீரைத் தேக்கிவைக்கப் பூமிக்கடியில் பெரிய தொட்டி கட்டினார்கள். 2024 ஜூலை 17 அன்று மேயர் ஆன் இதால்கோ தாமே நதியில் இறங்கி நீந்தினார். அப்படியும், தொடக்க நாளில் பெய்த மழையால் தண்ணீர் கெட்டு, ஜூலை 30 அன்று நடக்க வேண்டிய ஆண்கள் போட்டியை மறுநாளுக்குத் தள்ளிவைத்தார்கள். பலர் அதைத் தோல்வி என்று எழுதினார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அங்கே ஓர் எண் இருந்தது. 100 மில்லிலிட்டர் தண்ணீரில் இ. கோலை கிருமி 1000 என்ற அளவைத் தாண்டக்கூடாது என்பது ஏரிக்கும் நதிக்கும் சம்மேளனம் வைத்திருக்கும் விதி. தினமும் அளந்தார்கள், வெளியே சொன்னார்கள், தாண்டியபோது உலகமே பார்த்துக்கொண்டிருந்தாலும் நிறுத்தினார்கள். 2025 ஜூலையில் அந்த நதியின் மூன்று இடங்களைப் பொதுமக்கள் நீந்தத் திறந்துவிட்டார்கள். பதக்கம் சிலர் கழுத்துக்குப் போனது. நதி ஊருக்குக் கிடைத்தது.

நாளைக்கே அல்சூர் ஏரியில் போட்டி வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. பணத்தைப் பற்றியும் நான் பேசவில்லை. முதலில் அந்த எண் நமக்குத் தெரிய வேண்டும். மாதம் ஒருமுறை ஏரித் தண்ணீரில் ஆக்ஸிஜன் எவ்வளவு, இ. கோலை எவ்வளவு என்று அளந்து, நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் கண்ணில் படும்படி ஏரிக்கரையில் ஒரு பலகையில் கன்னடத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைக்க வேண்டும். எந்தக் கால்வாய் வழியாக எந்தத் தெருவின் கழிவு வருகிறது என்பதையும் எழுத வேண்டும். அந்தத் தெருக்களில் வசிப்பவர்களும் நாம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். கூடவே மாநகராட்சி நீச்சல் குளத்தில் பெண்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஒதுக்கும் நேரத்தைக் கூட்ட வேண்டும். அவர்கள் நீந்தக் கற்றால்தான் ஏரியைக் கேட்பதற்கு ஆள் இருக்கும்.

இவற்றைக் கேட்டு ஒரு மனு எழுதி, வாசலில் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள மேசையில் வைத்திருக்கிறோம். பேனாவும் இருக்கிறது. வீட்டு முகவரியோடு கையெழுத்துப் போடுங்கள். அடுத்த திங்கட்கிழமை அதை அதிகாரிகளிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். கூட வர விரும்புகிறவர்கள் காலை பத்து மணிக்கு ஏரி வாசலுக்கு வந்துவிடுங்கள்.